பதினான்கு கத்தி எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 54. இத்தனை வருடமும் அரிவாள்மணையில்தான் காய் நறுக்கினேன். போன வருடத்திலிருந்து முழங்கால் வலி. தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்திரக்கடையில் வாங்கிய கத்தியை வைத்து மேடையில் நின்று நறுக்கப் பார்க்கிறேன். தக்காளி நசுங்குகிறது, வெங்காயம் வழுக்குகிறது, இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டேன். மகன் ஜெர்மனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது 14 கத்திகள் உள்ள செட் ஒன்றை ஸ்டாண்டோடு வாங்கி வருகிறேன் என்கிறான். ஜப்பான் கத்திதான் நல்லது என்கிறாள் மருமகள். எனக்குச் சின்னக் கை. வீட்டில் வாரத்தில் ஒரு நாள் கறி, மற்றபடி காய்தான். எதை வாங்கச் சொல்வது? வாங்கினால் எங்கே சாணை பிடிப்பது? சாணைக்காரர் இப்போது தெருவுக்கு வருவதே இல்லை. அம்மா கொடுத்த அரிவாள்மணையைப் பரணில் போடவும் மனசு வரவில்லை.
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விரல் இப்போது ஆறிவிட்டதா? கடிதத்தைப் படித்ததும் முதலில் அதைத்தான் கேட்கத் தோன்றியது. கத்தி மொன்னையாக இருந்ததால்தான் வெட்டியிருக்கும். மொன்னைக் கத்தி தக்காளித் தோலில் இறங்காது. நாம் அழுத்துவோம். அழுத்திய வேகத்தில் அது வழுக்கி விரலில் இறங்கும். கூரான கத்தியும் வெட்டும்தான், ஆனால் வைத்த இடத்தில் இறங்கும், எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். முப்பது வருடம் ஓட்டல் சமையலறையில் நின்றிருக்கிறேன். அங்கே நான் பார்த்த மோசமான வெட்டுக்காயங்களில் பெரும்பாலானவை மொன்னைக் கத்தி வழுக்கி வந்தவை. அதனால் முதல் வேலையாக அந்தப் பாத்திரக்கடைக் கத்தியை ஓரமாக வையுங்கள். நல்ல கத்தி வரும்வரைக்கும் காயை வேறு யாராவது நறுக்கிக் கொடுக்கட்டும்.

அப்புறம் மகனிடம் செட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த 14 என்ற எண்ணில் கத்தரிக்கோல், தீட்டும் கோல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தி. பல செட்டுகளில் ஆறு கத்தி, சாப்பாட்டு மேசையில் ஸ்டேக் அறுத்துச் சாப்பிடுவதற்கானது. நம் வீட்டில் அவற்றுக்கு என்ன வேலை? என் கல்யாணத்துக்கும் இப்படி ஒரு செட் வந்தது. பெரிய கத்தி ஒன்றும் சின்னக் கத்தி ஒன்றும் மட்டும் தினமும் கைக்கு வந்தன. மற்றவை ஸ்டாண்டின் துளைக்குள்ளேயே கிடந்தன. சில வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் நுனிகளில் துருப்புள்ளி, துளைக்குள் ஈரமும் தூசியும் சேர்ந்து மக்கிய வாடை. அத்தனைக்கும் பிரித்துச் செலவழிக்கிற பணத்தை ஒரே கத்தியில் போட்டால் உங்கள் காலம் முழுக்க உழைக்கிற ஒன்று வரும்.

அந்த ஒன்று எது என்று கேட்டால், உங்களுக்கு நான் சொல்வது 7 அங்குல சான்டோகு. இது ஜப்பானில் பிறந்த வடிவம். வாய், அதாவது வெட்டுகிற ஓரம், ஏறக்குறைய நேராக ஓடும், பிளேடு அகலமாக இருக்கும், முதுகு நுனிக்குப் பக்கத்தில் சரிந்து இறங்கும். பொரியலுக்கு நறுக்கிய பீன்ஸை அந்த அகலத்திலேயே அள்ளி வாணலியில் போட்டுவிடலாம். ஓட்டல்களில் நாங்கள் கையாளும் ஷெஃப் கத்தி 8 அங்குலம், சில சமயம் 10. சின்னக் கைக்கும் வீட்டு மேடைக்கும் அது நீளம். மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து நறுக்கப் போகிறீர்கள் என்றால் 7 அங்குலமே சரி, நீளமான கத்தியை உட்கார்ந்த நிலையில் ஓட்ட முழங்கை இடம் கொடுக்காது.

வடிவம் ஜப்பானுடையதாக இருந்தாலும் இரும்பு ஜெர்மானியதாக இருக்கட்டும். மருமகள் சொன்னதில் தப்பில்லை, ஜப்பான் கத்திகள் அபாரமானவை. அவற்றின் எஃகு கடினமானது, ராக்வெல் என்ற அளவில் 60, அதற்கு மேலும் போகும். அதனால் மெல்லிய கூரை வெகுநாள் தாங்கும். ஜெர்மன் கத்திகள் 56, 58 அளவில் நிற்கும். ஆனால் கடினமான எஃகு உடையக்கூடியது. அதை வைத்துச் சேனைக்கிழங்கை வெட்டி, பாதியில் மாட்டிக்கொண்ட கத்தியைப் பக்கவாட்டில் திருகி எடுத்தீர்கள் என்றால் வாயில் அரிசி அளவுக்குத் துண்டு தெறித்துவிடும். பரங்கிக்காய், பலாக்காய், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஜெர்மன் கத்தியின் வாய் அப்படிப்பட்ட இடத்தில் தெறிக்காமல் மடங்கும். மடங்கியதை நிமிர்த்தலாம், தெறித்ததை ஒட்ட முடியாது. நம் வீடுகளில் கிழங்கும் பூசணியும் வாரா வாரம் வரும். அதனால்தான் சொல்கிறேன்.

மகன் இருக்கிற நாட்டில் சோலிங்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது. கத்தி செய்வதே அந்த ஊரின் தொழில், பல நூற்றாண்டுகளாக. 1938லிருந்தே அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கத்தியின் முக்கியமான வேலைகள் எல்லாம் அங்கேயே நடந்திருந்தால்தான் பிளேடில் சோலிங்கன் என்று பொறிக்கலாம். ஆகவே கம்பெனிப் பெயரைவிட அந்த ஊர்ப் பெயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் எக்ஸ்50 என்று தொடங்கி 15 என்று முடிகிற ஒரு குறியும் பெரும்பாலும் இருக்கும். அரை சதவீதம் கார்பன், சுமார் 15 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு என்று அதற்கு அர்த்தம். குரோமியம் இருப்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டாலும் கத்தி கறுக்காது, வாழைப்பூ நறுக்கினாலும் பூவில் இரும்புக் கறை ஏறாது. விலை அதிகம் என்று தோன்றினால், காய்ச்சி அடித்துச் செய்யாமல் தகட்டிலிருந்து வெட்டியெடுத்து, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட கத்திகளும் உண்டு. பார்க்க எளிமையாக இருக்கும், எடையும் குறைவு. உலகம் முழுக்க ஓட்டல் சமையலறைகளில் நாள் முழுக்க ஓடுவது அந்த மாதிரிக் கத்திதான். முழங்காலோடு மணிக்கட்டும் வலிக்கிறது என்றால் அதையே வாங்குங்கள். நான் தயங்காமல் சொல்வேன்.

ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளேடு முழுக்க நீரலை மாதிரி கோலம் போட்டு, டமாஸ்கஸ் எஃகு என்று சொல்லி மலிவு விலையில் விற்கும் கத்தி. நல்ல கத்திகளில் அந்தக் கோலம் பல அடுக்குத் தகடுகளைச் சேர்த்து அடிப்பதால் வருவது. மலிவான பலவற்றில் அது லேசரால் மேலே வரைந்த படம். நறுக்குவதற்கும் அந்தக் கோலத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஈரோட்டுக்காரரான உங்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்குப் புகழ் சேர்த்த பழைய வாள்களுக்கு மூல உலோகமாகப் போனது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருக்கிய எஃகு. உங்கள் ஊர்ப் பக்கம் சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உருக்கு என்ற சொல்லையே நாம்தான் வைத்திருக்கிறோம். அந்த மண்ணிலிருப்பவர் லேசர் கோலத்துக்கு ஏமாறக் கூடாது என்பது என் ஆசை.

மகன் கடையில் பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம்தான். பிளேடின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை ஓடுகிறதா, ஆணிகள் கைப்பிடியோடு சமமாக இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்க்கட்டும். இடுக்கு இருந்தால் தண்ணீர் புகும். பிளேடும் கைப்பிடியும் சேருமிடத்தில் சில கத்திகளுக்குத் தடித்த இரும்புக் கட்டை அடிவாய் வரைக்கும், அதாவது கைப்பிடிப் பக்கத்து வாய் வரைக்கும், இறங்கி நிற்கும். அது வேண்டாம், தீட்டும்போது அடிவாய் கல்லில் படாது. பக்கத்திலேயே 3 அல்லது 4 அங்குலச் சின்னக் கத்தி ஒன்றும் எடுத்துக்கொள்ளட்டும். தோல் சீவ, கத்திரிக்காய்க் காம்பு எடுக்க, சின்ன வெங்காயம் உரிக்க அது போதும். விமானத்தில் வரும்போது கத்திகளைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும்.

தேங்காய் உடைக்க, எலும்பு வெட்ட இந்தக் கத்தியை எடுக்கவே கூடாது. அதற்கு உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் அடித்த கனமான வெட்டுக்கத்தி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லாரியின் பட்டை இரும்பில் அடித்துத் தருகிற பட்டறைகள் இருக்கின்றன, நல்ல இரும்பு அது. துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

சரி, கத்தி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது இனிமேல் சொல்லப்போவதைத்தான். தக்காளி நசுங்குவதற்குக் கத்தி பாதிக் காரணம், மீதி காரணம் உங்கள் கைப்பழக்கம். அரிவாள்மணையில் வாய் அசையாமல் நிற்கும், காய்தான் நகரும். இரண்டு கையாலும் பிடித்துக் காயை வாய் மேல் முன்னே தள்ளுவோம். அரிவாளின் வளைவில் அது தானாகவே சறுக்கிக்கொண்டு போய் அறுபடும். நாற்பது வருடமாக உங்கள் கை கற்றுக்கொண்டது அதுதான். கத்தியில் எல்லாம் தலைகீழ். காய் அசையாது, வாய்தான் நகர வேண்டும். அரிவாள்மணையில் பழகியவர்கள் கத்தியை எடுத்ததும் மேலிருந்து கீழே நேராக அழுத்துவார்கள். என்னிடம் சமையல் பழக வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் அப்படித்தான் செய்கிறார்கள். அழுத்தினால் தக்காளி நசுங்கத்தான் செய்யும். கத்தியைக் காய் மேல் வைத்து, இறக்கும்போதே இரண்டு மூன்று அங்குலம் முன்னால் தள்ளுங்கள். அரிவாள்மணையில் காயைத் தள்ளிய அதே தள்ளல்தான், இப்போது கத்தியைத் தள்ளுகிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கைப்பிடியை முழுக்கையால் இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடிக்கு முன்னால், பிளேடின் இரண்டு பக்கமும் கிள்ளின மாதிரி பிடிக்கட்டும். மற்ற மூன்று விரல் கைப்பிடியைச் சுற்றட்டும். முதலில் கூச்சமாக இருக்கும், நாலு நாளில் பழகிவிடும். இடது கையைக் காய் மேல் வைக்கும்போது பிடிகொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி விரல்நுனிகளை உள்ளே மடக்குங்கள். நடுவிரலின் நடுக்கணு மட்டும் முன்னே நிற்க வேண்டும், பிளேடு அந்தக் கணுவை உரசியபடி ஏறி இறங்கட்டும். கட்டைவிரல் பின்னால் ஒளிந்திருக்கட்டும். கணுவுக்கு மேலே கத்தியின் வாய் எழும்பாத வரை விரல் வெட்டுப்படாது. முதல் வாரம் வெள்ளரிக்காயில் பழகுங்கள். உருளுகிற காய் எதுவாக இருந்தாலும் முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வழுக்குகிறது என்றீர்களே, அதற்கும் இதேதான். கூரான கத்தியில் வெங்காயம் நறுக்கினால் கண்ணும் குறைவாகத்தான் எரியும். நசுங்கும்போதுதான் அந்தக் காரம் அதிகமாகக் கிளம்புகிறது.

நறுக்குவதற்கு மரப்பலகை வேண்டும். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு இந்த மூன்றும் கத்திக்கு எமன். கிரானைட் மேல் நாலு முறை வாய் பட்டால் சோலிங்கன் கத்தியும் பாத்திரக்கடைக் கத்தியாகிவிடும். கறிக்கடையில் ஏன் புளியமரக் கட்டை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், மரம் வாயை வாங்கிக்கொள்ளும். வேம்போ மாமரமோ தேக்கோ, ஓர் அங்குலக் கனத்தில், ஒன்றேகால் அடிக்கு ஓர் அடி இருந்தால் தாராளம். அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுங்கள், பலகை நகராது. பலகையின் மேல்பரப்பு உங்கள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற உயரத்தில் நின்றால் தோள் வலிக்காது. கறிக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாணை. சாணைக்காரர் வருவதில்லை என்று வருத்தப்பட வேண்டாம், இந்தக் கத்தியை அவரிடம் கொடுக்கவே கூடாது. அவருடைய கல் வேகமாகச் சுழல்வது. பொறி பறக்கிற சூட்டில் மெல்லிய வாய் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வெட்டுக்கத்தி, அரிவாள் எல்லாம் அவரிடம் கொடுக்கலாம். இரண்டு சக்கரத்துக்கு நடுவே கத்தியை இழுக்கிற சின்னக் கருவி கடைகளில் தொங்கும். அது வாயைச் சுரண்டி எடுக்கிறது, நல்ல கத்திக்கு வேண்டாம்.

ஆன்லைனில் 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 1000, மறுபக்கம் அதைவிட வழுவழுப்பான 3000 இருந்தால் இன்னும் நல்லது. ஹார்டுவேர் கடையில் தச்சர்கள் உளி தீட்ட வாங்கும் சாம்பல் நிறக் கல் இதற்கு மிகவும் சொரசொரப்பு. கல்லைத் தண்ணீரில் போட்டால் குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றதும் எடுத்து ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தியை 1000 பக்கத்தில் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் உங்கள் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு மட்டும் தூக்குங்கள். ஏறக்குறைய 15 டிகிரி வரும். அந்தச் சாய்வை மாற்றாமல் இடது கை விரல்களால் லேசாக அழுத்தி, அடிவாயிலிருந்து நுனி வரை முன்னும் பின்னும் தேயுங்கள். சீராக ஒரே சத்தம் வந்தால் சாய்வு மாறவில்லை. சத்தம் மாறினால் கை ஆடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து, கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, தேய்க்காத பக்கத்தில் குறுக்காக மெல்லத் தடவிப் பாருங்கள். வாயின் நீளத்துக்கு விரலில் ஒரு பிசிறு தட்டும், புது ரூபாய் நோட்டின் ஓரம் மாதிரி. பிசிறு வந்துவிட்டால் இந்தப் பக்கம் வேலை முடிந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கமும் பிசிறு வரும்வரை தேயுங்கள். பிறகு அழுத்தமே இல்லாமல், பக்கத்துக்கு ஒரு தடவையாக மாற்றி மாற்றிப் பத்து முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். வழுவழுப்பான பக்கத்தில் அதையே கொஞ்சம் செய்து, தண்ணீரில் கழுவி, பழுத்த தக்காளி மேல் கத்தியை வையுங்கள். கை அழுத்தாமல், கத்தியின் எடையிலேயே முன்னால் இழுத்தால் தோல் பிளக்க வேண்டும். முதல் முறை சரியாக வராமல் போகலாம், அரிவாள்மணையும் முதல் நாளே வந்திருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

நடுவில் கூர் குறைந்த மாதிரி தோன்றினால் பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதன் மேல் அதே சாய்வில் பக்கத்துக்கு ஐந்தாறு முறை இழுத்தால் வாய் நிமிர்ந்துவிடும். அவசரத்துக்கு நான் வீட்டில் இன்றைக்கும் செய்வது இதுதான்.

கத்தியைக் கழுவும் தொட்டியில் போடாதீர்கள். நுரைக்குள் கை விடுகிறவருக்கு அது தெரியாது, பாத்திரம் தேய்க்க வருகிறவர் விரலை வெட்டினால் அந்தப் பாவமும் நமக்குத்தான். நறுக்கியவுடனே கழுவி, துடைத்து, சுவரில் காந்தப் பட்டை அடித்து ஒட்டிவைத்துவிடுங்கள். டிராயரில் மற்ற கரண்டிகளோடு போடுவதானால் பழைய காலண்டர் அட்டையை மடித்து உறை செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக அம்மாவின் அரிவாள்மணை. அதைப் பரணில் போட வேண்டாம். மேடை மேல் தூக்கி வைத்து நறுக்கவும் வேண்டாம். பலகையைக் காலால் அழுத்திக்கொள்வதால்தான் அது ஆடாமல் நிற்கிறது, மேடையில் அந்தப் பிடிமானம் இல்லை. என் அம்மாவுக்கும் உங்களைப் போலத்தான் முழங்கால் வலி வந்தது. தச்சரைக் கூப்பிட்டு, நாற்காலி உயரத்தில் இரண்டரை அடி நீளத்துக்குக் கனமான பெஞ்சு ஒன்று செய்யச் சொன்னேன். ஒரு முனையில் பழைய பலகையிலிருந்து அரிவாளைக் கழற்றி, மடக்கி வைக்கிற மாதிரி கீல் போட்டுப் பொருத்தினார். மறுமுனையில் அம்மா உட்கார்ந்துகொள்வார், அவர் எடையே பெஞ்சை அழுத்திக்கொள்ளும். கால் மடக்க வேண்டியதில்லை. கீரையும் கொத்தவரங்காயும் கடைசிவரை அதில்தான் நறுக்கினார், தேங்காய் துருவியதும் அதில்தான். பெஞ்சின் நாலு காலுக்கும் ரப்பர் அடிக்கச் சொல்லுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் மடக்கியபின் மாட்ட ஒரு கொக்கியும் வைக்கச் சொல்லுங்கள். அரிவாள் வெறும் இரும்பாக இருந்தால் ராத்திரி துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.